சின்னவன் நர்சிங் பள்ளிக்குப் போகுமுன்

வீட்டுக் கடைக்குட்டிக்குச் சின்னவன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் அது லேசில் உதிராது. முப்பத்து மூன்று வயதாகி, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவன் சின்னவன்தான். அக்காவும் அண்ணனும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மேல்மாடிக்காரர், மளிகைக் கடைக்காரர் என்று தெருவுக்கே அந்தப் பெயர் பழகிவிட்டது. பள்ளிக்கூட வேன் ஓட்டிய காலத்தில் வண்டியில் ஏறிய பிள்ளைகள் மட்டும் 'டிரைவர் அண்ணா' என்றார்கள். அந்தப் பெயர் போய் மூன்று வருடம் ஆகிறது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் அப்பா பல் தேய்த்துக்கொண்டே குளியலறையில் சாய்ந்தார். பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு பாதி போனது. அம்மா எப்போதோ போய்விட்டாள். அக்கா ஆறு மணி நேர ரயில் தூரத்தில், புருஷன் கடையும் இரண்டு பிள்ளைகளுமாக இருந்தாள். அண்ணன் இருப்பது அதையும் தாண்டி, விமானம் ஏறிப் போகிற தூரம். அப்பாவை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை. கல்யாணம் ஆகாதவன், அதே வீட்டில் இருப்பவன், வேன் ஓட்டுவது அப்படியென்ன பெரிய உத்தியோகம். யாரும் வாய் திறந்து சொல்லாமலே எல்லாம் முடிவாகிவிட்டது. சின்னவன் வேன் சாவியைப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

அவன் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். ஆளைத் தூக்காமல் விரிப்போடு இழுத்து நகர்த்துவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, சிறுநீர் சேரும் பையைக் கட்டில் கம்பியில் தாழ்வாக மாட்டுவது, சட்டையை முதலில் விளங்காத கையில் மாட்டிவிட்டு அப்புறம் நல்ல கைக்குக் கொண்டுபோவது. வாரம் ஒருமுறை சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸ் ஸ்கூட்டரில் வந்து சிறுநீர்க் குழாயைச் சுத்தம் செய்து, பையை மாற்றிவிட்டுப் போவாள். அவனைவிட நாலைந்து வயது இளையவள். வருவது தெரியாது, போவது தெரியாது, கால் மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். அப்பா கோணிய வாயால் அவளுக்குச் 'சூறாவளி' என்று பெயர் வைத்தார். அதைக் கேட்டு அவளே ஒருமுறை சிரித்திருக்கிறாள். "மூணு வருஷமா படுக்கை, முதுகுல ஒரு புண்ணு கூட இல்ல," என்று அவள் ஒருநாள் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். யாரும் கைதட்டாத அந்த வேலையில் சின்னவனுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

கடைசியில் பத்து நாள் காய்ச்சல் அடித்தது. நெஞ்சில் சளி கட்டி நுரையீரலில் தொற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பதினோராம் நாள் விடியும் முன்பே அப்பா போய்ச் சேர்ந்தார்.

வந்தவர்கள் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போனார்கள். வாடகைக்கு எடுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை இரண்டு பேர் வந்து கழற்றி எடுத்துப்போனார்கள். முன்னறையில் அது நின்ற இடம் மட்டும் தரை நிறம் மாறாமல் புதுசாகத் தெரிந்தது. சின்னவன் அந்தப் பக்கம் கால் வைக்காமல் சுவரோரமாகவே நடந்து பழகினான். வேன் வேலை கேட்டுப் போனபோது அதில் வேறொரு டிரைவர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், இவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

மீந்துபோன கையுறைகளையும் பைகளையும் திரும்ப வாங்கிக்கொள்ளச் சூறாவளி ஒருநாள் வந்தாள். எல்லாவற்றையும் எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டியபடியே சொன்னாள்.

"நர்சிங் ஸ்கூல்ல இந்த வருஷம் வயசு வரம்ப எடுத்துட்டாங்க. ஆம்பளைங்களுக்கும் இடம் இருக்கு. உங்களுக்குத் தெரியுமோ என்னவோன்னு சொன்னேன்."

அவன் பதில் யோசிப்பதற்குள் ஸ்கூட்டர் முனை திரும்பியிருந்தது.

இப்படித்தான் அவன் விண்ணப்பம் போட்டான். நுழைவுத் தேர்வு எழுதினான், நேர்காணலுக்குப் போனான். ஒரு செவ்வாய்க்கிழமை இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. வகுப்பு தொடங்க இன்னும் நான்கு மாதம். கூடவே ஒரு பட்டியல்: மஞ்சள்காமாலைத் தடுப்பூசி, மார்பு எக்ஸ்ரே, கண் பரிசோதனை, முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ், வெள்ளைச் சீருடை இரண்டு ஜோடி, நடந்தால் சத்தம் கேட்காத செருப்பில்லாக் கறுப்பு ஷூ, நொடி முள் உள்ள கைக்கடிகாரம், முன்கூட்டியே படித்துவரவேண்டிய புத்தகங்கள் இரண்டு. 'செருப்பில்லாக் கறுப்பு ஷூ' என்றால் என்ன என்று கொஞ்ச நேரம் குழம்பினான். 'செருப்பு கூடாது', 'கறுப்பு ஷூ' என்ற இரண்டு வரியைத் தட்டச்சு செய்தவர் ஒன்றாக்கிவிட்டார் என்று பிறகுதான் புரிந்தது.

சந்தோஷமான செய்திதான். யாரிடம் சொல்வது? அண்ணனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினான். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அக்கா ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவாள், அதற்கு ஐந்து நாள் இருந்தது. மேல்மாடிக்காரர் படியில் எதிர்ப்பட்டபோது சொல்லலாமென்று வாயைத் திறந்தான். அவர் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அன்று சாயங்காலம் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் "ரசீது வேணுமா?" என்று கேட்டார். "வேணாம்" என்று சொல்ல முயன்ற சின்னவனுக்குக் குரல் கரகரத்து அடைத்தது. காலையிலிருந்து, ஏன் அதற்கு முந்திய நாளிலிருந்தும், அவன் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. அப்பா இருந்தவரை பாதிப் பேச்சாவது இருந்தது. அவர் ஒரு சொல்லைத் தேடித் திணறுவார், இவன் நாலு சொல் எடுத்துக்கொடுப்பான். அதில் ஒன்று சரியாக அமைந்தால் இரண்டு பேருக்கும் பரீட்சையில் பாஸான மாதிரி இருக்கும்.

பட்டியலில் இருந்தவை அவனைக் கொஞ்சம் வீட்டைவிட்டு வெளியே இழுத்தன. தையல்காரர் கடையில் கடிதத்தைக் காட்டினான். அவர் அதை இரண்டு தரம் படித்தார்.

"தம்பி, ஆம்பளைக்கு நர்ஸ் உடுப்பு நான் தைச்சதில்ல. முடிவெட்டுறவருக்குக் கோட்டு தைச்சிருக்கேன், சமையல்காரருக்குத் தைச்சிருக்கேன். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு போட்டுரலாமா?"

"அதுல அளவெல்லாம் போட்டிருக்குண்ணே. பாக்கெட் மூணு."

"மூணா? அந்த வேலையில பாக்கெட்டுல போட என்ன கிடைக்குது?" என்று கேட்டுக்கொண்டே அளவு நாடாவை அவன் தோளில் வைத்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு தன் உடம்பில் இன்னொருவர் கை படுகிறது என்று சின்னவனுக்கு அப்போது தோன்றியது. மார்பளவு எடுக்கும்போது ஏனோ மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"மூச்ச விடுங்க தம்பி. இப்படியே தைச்சா, போட்டப்புறம் விடவே முடியாது."

முதலுதவிப் பயிற்சி இரண்டு நாள், ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. வந்தவர்கள் பதின்மூன்று பேர். இவனைத் தவிர எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. இவன் உள்ளே நுழைந்ததும் பயிற்சி கொடுக்க வந்தவர் என்று நினைத்து நாலைந்து பெண்கள் எழுந்து நின்றார்கள். உண்மை தெரிந்து உட்கார்ந்தபோது எல்லோருக்குமே கொஞ்சம் கூச்சமாகப் போயிற்று. இரண்டிரண்டு பேராகச் சேரச் சொன்னார் பயிற்சி கொடுக்க வந்திருந்த ஆம்புலன்ஸ்காரர். ஆறு ஜோடி சேர்ந்தது போக இவன் மிஞ்சினான்.

"அங்கிளுக்குப் பொம்மைய குடுத்துரலாம் சார்," என்றாள் ஒருத்தி. கிண்டல் இல்லை, உதவியாகத்தான் சொன்னாள்.

இரண்டு நாளும் அவன் ஜோடி அந்தப் பொம்மைதான். நெஞ்சை அழுத்தினான், கட்டுப் போட்டான், ஒருக்களித்துப் படுக்கவைத்தான். அப்படிப் படுக்கவைக்கும்போது அவன் கை தானாகவே பொம்மையின் முழங்கால்களுக்கு இடையில் தலையணையைத் தேடியது. ஆம்புலன்ஸ்காரர் நின்று பார்த்தார். "எங்கயாவது வேல பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"வீட்டுல சார்," என்றான்.

கணக்குதான் அவனைப் படுத்தி எடுத்தது. இரண்டு புத்தகங்களில் ஒன்று மருந்துக் கணக்கு. ஐந்நூறு மில்லி திரவம் நாலு மணி நேரத்தில் ஏறவேண்டும், மில்லிக்கு இருபது சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து அவன் பின்னத்தைத் தொட்டதில்லை. சமையலறை மேடையில் நின்றபடியே பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தான். ஒரு வாரம் தலைகீழாக நின்றும் வரவில்லை. பிறகு ஒருநாள், இது டீசலும் தூரமும்தானே என்று உறைத்தது. இத்தனை லிட்டர், இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணிக்குள் போய்ச் சேரவேண்டும். அதன்பின் கணக்கு வழிக்கு வந்தது. நாற்பத்திரண்டு சொட்டு. விடையைப் பின்பக்கத்தில் சரிபார்த்துவிட்டு, "பாத்தியாப்பா," என்று முன்னறைப் பக்கம் திரும்பினான். சொல்லிவிட்டுத்தான் அங்கே கட்டில் இல்லை என்பது நினைவு வந்தது.

இரண்டாவது புத்தகம் நோயாளி பராமரிப்பு பற்றியது. அதை அவன் ஆசையோடுதான் படிக்க எடுத்தான். முதல் அத்தியாயங்களைப் படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, சரி. விரிப்பில் சுருக்கம் கூடாது, சரி. பையைத் தாழ்வாக மாட்டுவது, சரி. யாரோ ஒருவர் அவனுடைய மூன்று வருடத்தைத் திருத்தி, பக்கத்துக்குப் பக்கம் மதிப்பெண் போட்டுக்கொண்டே வருவது போலிருந்தது.

அது ஒரு மத்தியானம், மூன்று மணி இருக்கும். 'உணவூட்டல்' என்ற தலைப்புக்கு வந்தான். நோயாளியை நன்றாக நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். முகவாய் சற்றுக் கீழ்நோக்கி இருக்கவேண்டும். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. பக்கவாதத்தால் விழுங்கும் சக்தி குறைந்தவர்களுக்கு உணவு மூச்சுக்குழாயில் இறங்கி, நுரையீரலில் தொற்று உண்டாகக்கூடும்.

அவன் அந்தப் பத்தியை மறுபடி படித்தான். மூன்றாம் தரமும் படித்தான்.

கட்டிலின் கால்மாட்டில் ஒரு கைப்பிடி உண்டு. அதைச் சுழற்றினால் தலைமாடு உயரும். ஆறு சுற்று சுற்றினால்தான் ஆள் நிமிர்ந்து உட்காருவார். அப்பாவுக்கு இடுப்பு வலி. மூன்றாவது சுற்றிலேயே நல்ல கையைத் தூக்கி 'போதும்' என்பார். கடைசி ஆறு மாதமாக இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொண்டான். பாதி சாய்ந்த நிலையிலேயே கஞ்சியை ஊட்டினான். கடைசிக் கரண்டி இறங்கியதும் 'கீழே, கீழே' என்று கையைக் காட்டுவார். உடனே இறக்கிவிடுவான். கொஞ்ச நேரத்தில் ஓர் இருமல் வரும். நெஞ்சைத் தடவிக் கொடுப்பான். சளி என்று நினைத்தான்.

புத்தகத்தை மூடிக் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் வைத்தான். பிறகு அது போதாதென்று தோன்ற, எடுத்துப்போய் அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் வைத்தான். அதன்பின் அதைத் தொடவில்லை. முதல் தடுப்பூசி போட்டு மாதம் ஆகியும் இரண்டாவது ஊசிக்குப் போகவில்லை. தையல்காரர் உடுப்பு தயார் என்று சொல்லி அனுப்பியும் போகவில்லை. சமைத்தான், சாப்பிட்டான், பாத்திரம் கழுவினான். அவன் ஊட்டிவிடவேண்டிய ஆள் யாரும் இல்லாததால் சாப்பாடு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மிச்ச நேரமெல்லாம் அந்தக் கைப்பிடிதான் மனசுக்குள் இரண்டு சுற்று சுற்றி நின்றுகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். பின்னால் குழாய்த் தண்ணீரும் பாத்திரச் சத்தமும் கேட்டன. ஷூ வாங்கியாச்சா, எக்ஸ்ரே எடுத்தாச்சா என்று கேட்டாள். அவன் நடுவில் வெட்டி, படித்ததைச் சொன்னான். இரண்டு சுற்று, கஞ்சி, இருமல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

குழாய் நின்றது.

"இப்ப எதுக்குடா அதெல்லாம்?" என்றாள்.

"நான்தான்க்கா செஞ்சிருக்கேன். புத்தகத்துல தெளிவா போட்டிருக்கு."

பிறகு அக்காவின் குரல் வேறு மாதிரி வந்தது.

"மூணு வருஷத்துல நான் வந்து பாத்தது நாலு தடவ. அதுலயும் ஒரு தடவ அன்னைக்கே திரும்பிட்டேன். எனக்கு என்ன போட்டிருக்கு அந்தப் புத்தகத்துல? அதையும் கொஞ்சம் பாத்துச் சொல்லு."

போன் வைக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு அவள் கூப்பிடவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்த ஒரே குரலும் நின்றதும், வீடு இன்னும் பெரிதானது போலிருந்தது அவனுக்கு.

அந்த இரண்டாவது ஞாயிறு கழிந்த மறுநாள் பஸ் ஏறி நர்சிங் பள்ளிக்குப் போனான். இடம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானம். அலுவலகத்தில் இருந்த எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு படிவத்தைத் தேடி எடுத்தார்.

"விலகுறதுக்குக் காரணம் எழுதணும். கீழ பெத்தவங்க கையெழுத்து வேணும்."

"எனக்கு முப்பத்து மூணு வயசு சார்."

"படிவத்துக்கு அது தெரியாதே. எல்லாருக்கும் ஒண்ணுதான் அடிச்சு வெச்சிருக்காங்க. அப்பாகிட்ட வாங்கிட்டு வாங்க."

"அப்பா இல்ல. அம்மாவும் இல்ல."

எழுத்தர் கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்தார். குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "அப்ப பாதுகாவலர்னு யாராவது?"

மூன்று வருடமாக ஆஸ்பத்திரியில் எந்தத் தாளை நீட்டினாலும் 'பாதுகாவலர்' என்ற இடத்தில் சின்னவன்தான் கையெழுத்துப் போட்டான். இப்போது அந்த இடத்தில் யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல் நின்றான்.

"அக்கா இருக்காங்க."

"அவங்க போதும். இத எடுத்துட்டுப் போங்க. அவசரம் ஒண்ணும் இல்ல, காத்திருப்புப் பட்டியல்ல இருக்குறவங்க எப்பவும் காத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க."

படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினான். சுகாதார நிலையம் வந்ததும், தன் நிறுத்தத்துக்கு இன்னும் மூன்று நிறுத்தம் இருக்கையில் இறங்கிவிட்டான். வாசலில் அந்த ஸ்கூட்டர் நின்றது. சூறாவளி பின்பக்க அறையில் மறுநாளுக்கான பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சின்னவன் நின்றபடியே கேட்டான். புத்தகத்தில் இருந்ததைச் சொன்னான், தான் செய்ததைச் சொன்னான். "அதனாலதான் போனாரா சிஸ்டர்?"

அவள் கை நின்றது. அவளை அப்படி அசையாமல் அவன் பார்த்ததே இல்லை.

"இருக்கலாம்," என்றாள். "இல்லாமலும் இருக்கலாம். ரெண்டாவது வருஷத்துலயே அவருக்கு விழுங்குறது சரியா இல்ல. நிமிர்த்தி வெச்சு ஊட்டினவங்களுக்கும் இப்படி ஆகியிருக்கு. இதுக்கு மேல யாராலயும் சொல்ல முடியாது. சொன்னா அது பொய்."

அவள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் ஒரு உறுத்தல் இருக்கு. நிமிர்த்தி வெச்சு ஊட்டுங்கன்னு எல்லா வீட்டுலயும் சொல்லணும், அது என் வேல. ஒரு நாளைக்குப் பன்னெண்டு வீடு. உங்க வீட்டுல சொன்னேனா இல்லையான்னு எனக்கு ஞாபகம் இல்ல. சொல்லியிருப்பேன்னுதான் நெனச்சுக்கிறேன். நீங்க சொல்லுங்க, சொன்னேனா?"

சின்னவன் யோசித்தான். அவள் வந்துபோன நூற்றைம்பது தடவையையும் புரட்டிப் பார்த்தான். குழாய், கையுறை, அப்பாவின் கோணல் சிரிப்பு எல்லாம் நினைவு வந்தன. அந்த ஒரு வாக்கியம் மட்டும் இருந்ததா இல்லையா என்று பிடிபடவில்லை.

"தெரியல சிஸ்டர்."

"எனக்கும்தான்," என்றாள். பிறகு அவள் சட்டென்று பழைய வேகத்துக்குத் திரும்பினாள். "ரெண்டாவது ஊசி போட்டாச்சா? அட்டைய காட்டுங்க."

அட்டை பர்ஸிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தான்.

"பதிமூணு நாள் தாண்டிடுச்சு. சட்டைக் கைய மடிங்க."

"சேரப்போறேனான்னே தெரியல."

"சேந்தாலும் சேரலைன்னாலும் மஞ்சகாமாலை வராம இருக்கட்டும்," என்று ஊசியைப் போட்டு, அட்டையில் தேதி எழுதி, அவனுக்கு முன்பாகவே வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். இன்னும் ஒரு வீடு பாக்கி இருந்ததாம்.

வீட்டுக்கு வந்து அவனே அக்காவைக் கூப்பிட்டான். விலகல் படிவம், கையெழுத்து என்று சொன்னான். தபாலில் அனுப்பவா என்று கேட்டான்.

"அனுப்பாத. நானே வர்றேன்," என்றாள் அக்கா.

சொன்னபடி வெள்ளிக்கிழமை வந்து இறங்கினாள். பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு, ஒற்றைப் பையோடு தனியாக வந்திருந்தாள். உள்ளே நுழைந்ததும், சின்னவன் மாதக்கணக்கில் கால் வைக்காத அந்தத் தரையைப் பார்த்தாள். நேராகப் போய் அதன் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"உக்காரு," என்றாள். அவன் சுவரோரம் உட்கார்ந்தான்.

"காலைல எழுந்ததும் மொதல்ல என்ன செய்வ?"

"எப்ப?"

"அப்பா இருந்தப்ப. மொதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணையும் விடாத."

சின்னவன் சொல்லத் தொடங்கினான். ஆறு மணிக்குத் திரைச்சீலையை விலக்குவதிலிருந்து ஆரம்பித்தான். வெந்நீர், துண்டு, எந்தக் கன்னத்தை முதலில் சவரம் செய்வது, பேப்பரில் எந்தப் பக்கத்தை அவருக்குப் பிடித்துக் காட்டவேண்டும். அப்பா நாற்பது வருடம் தபாலாபீஸில் கடிதம் பிரித்தவர் ஆதலால் தெரு முழுக்க எந்த வீட்டுக்கு என்ன கடிதம் வந்தது என்று கேட்பார். தெரியாத நாளில் இவன் கதை கட்டி விடுவான். மேல்மாடிக்காரருக்கு ஒருமுறை ராணுவத்திலிருந்து அழைப்பு வந்திருப்பதாகச் சொன்னதில் அப்பா மூன்று நாள் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கைப்பிடியின் இரண்டு சுற்று வந்தபோது அவன் நிறுத்தினான். அவள் "ம், அப்புறம்?" என்றாள். அதையும் சொல்லிக் கடந்தான். அப்பாவின் ஒரே ஒரு நாளைச் சொல்லி முடிக்க அவனுக்கு அந்தச் சாயங்காலம் முழுக்க ஆயிற்று.

மறுநாள் இருவரும் அப்பாவின் அலமாரியை ஒழித்தார்கள். அக்கா அவருடைய ஒரு சட்டையை எடுத்து வைத்துக்கொண்டாள். தையல்காரர் கடைக்குப் போய் உடுப்பை வாங்கிவந்து, அவனைப் போட்டுக்காட்டச் சொல்லி, தோளைத் தட்டிச் சரிசெய்தாள். "ஐஸ்கிரீம் விக்கிறவன் மாதிரி இருக்கடா," என்றாள். கிளம்பும்போது, "எங்க அந்தப் பேப்பர்?" என்று கேட்டாள். அவன் கொடுத்தான். அவள் அதைப் பிரிக்காமலே தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"கையெழுத்து?"

"இது என்கிட்ட இருக்கட்டும். ஒரு மாசம் போய்ப் பாரு. அப்பவும் வேணாம்னு தோணினா ஒரு வார்த்த சொல்லு, அன்னைக்கே போட்டு அனுப்புறேன். நீ கேட்டு நான் செய்யாம இருந்ததெல்லாம் போதும்."

"நான் எதுவும் கேட்டதில்லையேக்கா."

"அதுதான்டா," என்றாள் அக்கா.

ரயில் கிளம்பிப் போன பின் நடைமேடையில் கொஞ்ச நேரம் நின்றான். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது அக்காவின் தலையெண்ணெய் வாசனை முன்னறையில் இருந்தது. அடுத்த நாள் காலையில் அதுவும் போய்விட்டது. துணிகளுக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்து, அந்தப் பத்தியிலிருந்தே மறுபடி தொடங்கினான். வேகமாகப் படிக்க முடியவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் அப்பா குறுக்கே வந்து படுத்துக்கொண்டார். சில நாள் இரண்டு பக்கம், சில நாள் அரைப் பக்கம். ஆனாலும் பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது கடைசி அத்தியாயம் முடிந்தது.

திறந்த நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. நாற்பத்தாறு பேர். ஆண்கள் மூன்று பேர், அதில் மற்ற இருவரும் ஒரே ஊர்க்காரப் பையன்கள், ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள். சேர்க்கை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டபோது சின்னவன் எழுந்து நின்றான். முதல்வரம்மா அவனைப் பார்த்து, தாளைப் பார்த்து, மறுபடி அவனைப் பார்த்து, "உக்காருங்க," என்றார். மற்ற எல்லோரையும் "உக்காரு" என்றுதான் சொல்லியிருந்தார். கடைசி பெஞ்சில் சுவர்ப் பக்கம் உட்கார்ந்து, கை எலும்புகளின் பெயர்களை எழுதிக்கொண்டான். பக்கத்து இடம் காலியாகவே இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கும்பல் கும்பலாகப் பிரிந்தார்கள். அவன் மாடிப்படிக்கு அடியில் ஒரு நீளப் பெஞ்சைக் கண்டுபிடித்து உட்கார்ந்து டப்பாவைத் திறந்தான். மழை வலுத்தது. முற்றத்திலிருந்து இரண்டு பெண்கள் தலையில் நோட்டைப் பிடித்தபடி ஓடிவந்தார்கள். அவன் இருப்பதைப் பார்த்துத் தயங்கினார்கள். பெஞ்சின் மறு கோடியில் உட்கார்ந்து தங்கள் டப்பாக்களைத் திறந்தார்கள். அவனிடம் எதுவும் பேசவில்லை. தங்களுக்குள்ளும் தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொண்டார்கள். மழை விட்ட பிறகும் எழுந்து போகவில்லை. மணி அடிக்கும்வரை மூன்று பேரும் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.